அமெரிக்கக் கல்லூரிகளில் மியூசிக்கல் தியேட்டர்: பட்டியல் போடுவது முதல் மே 1 வரை

அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த மேடைக் கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, ஆடிஷனிலும் தேற வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம், பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி, பென் ஸ்டேட், வட கரோலினாவில் உள்ள ஈலான், டெக்சஸ் ஸ்டேட் என்று பெயர் பெற்ற இடங்களில் ஒரு வகுப்புக்குப் பெரும்பாலும் 12 முதல் 25 பேரைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பம் போடுபவர்கள் பல நூறு பேர், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். அத்தனை பேருக்கும் பாட வரும். பள்ளி நாடகத்தில் கதாநாயகியாக நடித்திருப்பது இங்கே சிறப்புத் தகுதியே இல்லை, வரிசையில் நிற்கும் எல்லோரும் அப்படி நடித்தவர்கள்தான்.

நல்ல குரல் இருந்தும் இடம் கிடைக்காமல் போகிறவர்களைப் பார்த்தால், பலரும் குரலால் தோற்பதில்லை. வயதுக்கு ஒவ்வாத பாட்டு, தப்பான இடத்தில் ஆரம்பிக்கிற கட் (பாட்டிலிருந்து வெட்டி எடுத்துப் பாடும் பகுதி), பியானோக்காரருக்குப் புரியாத இசைத் தாள், எட்டாத கல்லூரிகளாகவே நிரம்பிய பட்டியல் என்று தயாரிப்பில்தான் சறுக்குகிறார்கள். தயாரிப்பைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியே பேசுகிறது.

முதலில் காலண்டர்

அமெரிக்கக் கணக்கில் 11ஆம் வகுப்பின் கடைசி மாதங்களில் வேலை தொடங்க வேண்டும். மே, ஜூனில் கல்லூரிப் பட்டியல் போட்டு, பாட்டுகளையும், மோனோலாக் எனப்படும் தனி நடிப்பு வசனங்களையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஜூலையில் பயிற்சி. ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் விண்ணப்பத் தளம் புதிய பருவத்துக்குத் திறக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் ப்ரீஸ்கிரீன் எனப்படும் முன்தேர்வுக் காணொளிகளை எடுத்து முடித்தால் நிம்மதி. அவற்றுக்கான கெடு பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஜனவரி, பிப்ரவரியில் நேரடி ஆடிஷன். மார்ச் முழுக்கப் பதில் வந்துகொண்டிருக்கும். மே 1க்குள் எங்கே சேருவது என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு கல்லூரிக்கே இரண்டு மூன்று கெடுக்கள் இருப்பதுதான் குழப்பம். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஒரு தேதி, துறைக்கு அனுப்பும் கலை விண்ணப்பத்துக்கு ஒரு தேதி, உதவித்தொகைப் படிவத்துக்கு இன்னொன்று. கலை விண்ணப்பம் பெரும்பாலும் ஆக்செப்டட், ஸ்லைடுரூம் போன்ற வேறு தளங்கள் வழியாகப் போகும். முதல் நாளே ஒரு விரிதாள் திறந்து, கல்லூரிக்கு ஒரு வரி ஒதுக்கி, எல்லாக் கெடுக்களையும் கட்டணங்களையும் எழுதிவையுங்கள். காணொளியை ஏற்றிவிட்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்ப மறப்பது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. அந்தக் காணொளியைச் சில இடங்களில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பட்டமும் பட்டியலும்

பிஎஃப்ஏ எனப்படும் நுண்கலை இளங்கலைப் பட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பாடங்கள் நடிப்பு, பாட்டு, நடனம் சார்ந்தவை. பிஏ பட்டத்தில் பொதுப் பாடங்கள் அதிகம். இரண்டாவது துறையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு அது தோது. பால்ட்வின் வாலஸ், ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இசைப் பட்டமாகவே தருகிறார்கள். அங்கே இசைக் கோட்பாடும் தாள் பார்த்துப் பாடுவதும் கூடுதலாக இருக்கும்.

பட்டியலில் 12 முதல் 18 கல்லூரிகள் வரை வைப்பது இந்தத் துறையில் சாதாரணம். எண்ணிக்கையை விடக் கலவை முக்கியம். பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது ‘இது கட்டாயம் கிடைக்கும்’ என்று இரண்டு கல்லூரிகளைச் சேர்ப்போம். ஆடிஷன் வைக்கும் எந்தக் கல்லூரியும் அந்த வகையில் வராது. எவ்வளவு சிறிய கல்லூரியானாலும், அந்த ஆண்டு அவர்களுக்கு மூன்று சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) போதும் என்று தோன்றினால் நான்காவது சோப்ரானோவுக்கு இடமில்லை. ஆகவே, ஆடிஷன் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும், உங்கள் மதிப்பெண்ணுக்கு அநேகமாகக் கிடைக்கும், செலவும் தாங்கக்கூடிய இரண்டு இடங்களாவது பட்டியலில் இருக்க வேண்டும். நார்த்வெஸ்டர்னில் நாடகத் துறைக்கு ஆடிஷன் கிடையாது, மியூசிக்கல் தியேட்டர் சான்றிதழுக்கான தேர்வு சேர்ந்த பிறகுதான். ஆனால் அங்கே பொதுச் சேர்க்கையே கடினம் என்பதால் அதை அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

பல கல்லூரிகளில் துறையும் பல்கலைக்கழகமும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். மிச்சிகன் அப்படித்தான். துறை ‘வா’ என்று சொல்லியும் மதிப்பெண்ணால் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. கணக்குப் பாடத்தை உதறிவிட்டு ஒத்திகைக்கு ஓடுகிற வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான இடங்களில் இரண்டு பாட்டு கேட்பார்கள். ஒன்று பழைய பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) பாணி, அதாவது 1940களிலிருந்து 60கள் வரையிலான மியூசிக்கல்களில் வருவது. இன்னொன்று பிற்காலத்தது. எந்த ஆண்டுக்கு முன்னால் எழுதியிருந்தால் ‘பழையது’ என்பதைக் கல்லூரியே சொல்லும், எல்லோரும் ஒரே ஆண்டைச் சொல்வதில்லை. அதனால் 1960க்கு முந்தையதாகப் பார்த்து எடுத்துவிட்டால் எங்கேயும் சிக்கல் வராது.

இரண்டு பாட்டும் வெவ்வேறு மனிதர்களைக் காட்ட வேண்டும். ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக இருந்துவிட்டால் வேறுபாடு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் ‘என்னை விட்டுப் போய்விட்டானே’ என்ற அதே ஏக்கம் இருந்தால், பார்ப்பவருக்கு ஒரே ஆள்தான் தெரிவார். ஒன்றில் ஏக்கம் என்றால் மற்றதில் குறும்பு, கோபம், பேராசை என்று வேறு ஏதாவது வரட்டும். குரலிலும் அதே கணக்குத்தான். பேச்சுக் குரலை மேல் ஸ்தாயிக்குத் தூக்கி முழங்குகிற பெல்ட் ஒன்றில் வந்தால், ஆபரா சாயலுள்ள லெஜிட் குரல் மற்றதில் வரட்டும்.

வயது விஷயத்தில் கறாராக இருங்கள். 17 வயதுப் பெண் விவாகரத்தான தாயின் பாட்டைப் பாடினால், குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்பவருக்கு ஒட்டாது. ஏறத்தாழ 14 முதல் 25 வயதுக்குள் உள்ள பாத்திரமாகப் பாருங்கள். வேறு ஓர் இனத்தவருக்கென்றே எழுதப்பட்ட பாத்திரத்தின் பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதற்காக நம் பிள்ளைகள் இந்தியப் பாத்திரங்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம், பெரும்பாலான பாத்திரங்களுக்கு இன வரையறை கிடையாது.

பிராட்வேயில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நாடகம், சமீபத்தில் படமாக வந்த மியூசிக்கல், இணையத்தில் எல்லோரும் பாடுகிற பாட்டு மூன்றையும் விட்டுவிடலாம். தடை எதுவும் இல்லைதான். ஆனால் காலையிலிருந்து அதே பாட்டை ஆறு தடவை கேட்ட பேராசிரியர், ஏழாவதாக உங்களைக் கேட்கும்போது மனத்தில் அசல் பாடகியோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். யாரும் கேட்டிராத அபூர்வப் பாட்டைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்குப் பொருந்துகிற, கொஞ்சம் தேய்ந்த பாட்டு, பொருந்தாத அபூர்வத்தை விட மேல்.

உச்ச ஸ்வரம் பற்றி ஒரு விதி. பத்து தடவை பாடினால் பத்து தடவையும் வருகிற ஸ்வரத்தைத்தான் ஆடிஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பத்துக்கு ஏழு தடவை வருவது, ஜனவரிக் குளிரில் காலை எட்டரை மணிக்கு வராது.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்குச் சுருதியும் தாளமும் மனப்பாடமும் பெரிய பலம். சிரமம் வேறு இடத்தில் வரும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிற பழக்கம் பழைய பிராட்வே பாட்டில் சோம்பலாகக் கேட்கும், அங்கே ஸ்வரத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டும். எப்போதும் ஒரே கட்டையில் பாடிப் பழகியவர்களுக்கு, ஒரே பாட்டுக்குள் சுருதி மாறுவது முதலில் தலைசுற்றும். எல்லாவற்றையும் விட, இங்கே சொல்தான் முதலாளி, ராகம் அதற்குச் சேவகம் செய்கிறது. பாட்டு வரிகளை வசனமாகப் பேசிப் பார்த்து, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பாடத் தொடங்குங்கள். மேற்கத்திய முறையில் கற்றுத்தரும் குரல் ஆசிரியரிடம் குறைந்தது ஓராண்டாவது போயிருந்தால் நல்லது.

கட் எடுப்பது

முழுப் பாட்டையும் கேட்க யாருக்கும் நேரமில்லை. ப்ரீஸ்கிரீனுக்குப் பெரும்பாலும் 60 முதல் 90 விநாடி கேட்பார்கள். நேரடியில் 32 பார் (இசைத் தாளில் ஒரு தாளச் சுற்று ஒரு பார்) என்பார்கள், சில இடங்களில் 16 பார். பார் எண்ணிக்கையும் விநாடியும் ஒன்றல்ல, இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு அடி கொண்ட தாளத்தில் 32 பார் என்றால் 128 அடி. மெட்ரோனோம் 100, அதாவது நிமிடத்துக்கு 100 அடி என்றால் 77 விநாடியில் முடிந்துவிடும். அதே 32 பார் 66 வேகத்தில் ஓடும் சோகப் பாட்டாக இருந்தால் 116 விநாடி ஆகும், 90ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பாட்டுக்கு 16 பார் எடுத்தால் 58 விநாடி. நேர்மாறாக, மூன்று அடி வால்ட்ஸ் 150 வேகத்தில் ஓடினால் 32 பாரும் 38 விநாடியில் பறந்துவிடும். ஆகவே கல்லூரி விநாடியில் கேட்டால் கடிகாரத்தையும், பாரில் கேட்டால் தாளையும் பாருங்கள். 90 என்றால் 88இல் முடியுங்கள், சில தேர்வாளர்கள் 90ஆவது விநாடியில் காணொளியை நிறுத்திவிடுவார்கள்.

எங்கே தொடங்குவது? பழைய பாட்டுகளில் பல, எட்டு பார் கொண்ட நான்கு பகுதிகளாகக் கட்டப்பட்டவை. முதல் எட்டு, அதே மெட்டில் இரண்டாவது எட்டு, மெட்டு மாறுகிற மூன்றாவது எட்டு, பழைய மெட்டுக்குத் திரும்பும் நான்காவது. 16 பார் வேண்டுமானால் மூன்றாவது எட்டில் தொடங்கி முடிவு வரை போவது பெரும்பாலும் சரியாக வரும். மெட்டு மாறும் இடத்தில் பாத்திரத்துக்கு ஒரு புது நினைப்பு வரும், நான்காவதில் அது ஒரு முடிவுக்கு வரும். முதல் இரண்டு எட்டுகளை மட்டும் எடுத்தால் ஒரே கருத்தை இரண்டு தடவை சொன்னதாகிவிடும்.

பிற்காலப் பாட்டுகளில் இந்த அமைப்பு இருக்காது. அங்கே ஒரு கேள்வி உதவும்: கட் தொடங்கும்போது பாத்திரத்துக்குத் தெரியாத எது, முடியும்போது தெரிந்திருக்கிறது? பதில் இல்லை என்றால் கட் சரியில்லை. கடைசி உச்ச ஸ்வரத்துக்காக மட்டும் எடுத்த கட், கதையில்லாத க்ளைமாக்ஸ் மாதிரி சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

முன்னிசை இரண்டு பார் போதும். ஆரம்ப ஸ்வரம் ஒன்றை மட்டும் பியானோவில் தட்டச் சொல்லித் தொடங்குவதும் வழக்கம்தான். பாட்டு நடுவில் பியானோ தனியாக நான்கு பார் வாசிக்கிற இடம் இருந்தால் வெட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் செய்வதறியாமல் நிற்பவர்களைப் பார்ப்பதே கஷ்டம்.

மோனோலாக்

60 முதல் 90 விநாடி. அச்சில் வந்த நாடகத்திலிருந்து எடுக்க வேண்டும். சினிமாவிலிருந்தோ, மியூசிக்கலின் வசனப் பகுதியிலிருந்தோ, ஆடிஷனுக்கென்றே இணையத்தில் எழுதிப் போட்டிருக்கும் துண்டுகளிலிருந்தோ எடுக்கக் கூடாது. நாடகம் முழுவதையும் படித்திருக்க வேண்டும். ‘இந்தக் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது?’ என்று கேட்டால் விழிப்பவர்கள் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார்கள்.

எதிரில் இருக்கும் ஒருவரிடமிருந்து இப்போதே எதையோ பெற வேண்டும் என்று பேசுகிற பகுதியாகப் பாருங்கள். பழைய கதையை நினைவுகூரும் பேச்சு படிக்க அழகாக இருக்கும், நடிக்க ஒன்றும் கிடைக்காது. கத்தலும் அழுகையும் உள்ளதை 17 வயதில் எல்லோரும் எடுக்கிறார்கள். மெல்லிய நகைச்சுவை உள்ள ஒன்று கையில் இருந்தால் நாள் முழுக்க அழுகையே பார்த்த தேர்வாளருக்கு இளைப்பாறலாக இருக்கும். சில இடங்களில் ஷேக்ஸ்பியரோ அதுபோன்ற செவ்வியல் பகுதியோ கூடுதலாகக் கேட்பார்கள், அதையும் கோடையிலேயே பாடம் செய்துவிடுங்கள்.

நடனம்

முதன்மையாகப் பாடகராகவோ நடிகராகவோ வருபவர்களைப் பயமுறுத்துவது இதுதான். இங்கே எதிர்பார்ப்பது தேர்ச்சியை விடப் பழகுகிற திறனை. நேரடித் தேர்வில் குழுவாக நிறுத்தி ஒரு சிறு ஜாஸ் தொகுப்பும், சில இடங்களில் பாலே அடிப்படைகளும் கற்றுத்தந்து, மூன்று நான்கு பேராக ஆடச் சொல்வார்கள். அடி தவறியதும் முகம் சுளித்து நிற்பவரை விட, தவறியபடியே அடுத்த எட்டு எண்ணிக்கையில் சேர்ந்துகொள்பவரைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு அரைமண்டியில் நிற்கும் வலு, தாளம், முகபாவம் எல்லாம் உதவும். ஆனால் வகுப்பில் ‘ப்ளியே, டான்டு, ஷாசே, பிரூவெட்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும். 10ஆம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பாலே வகுப்பு, ஒரு ஜாஸ் வகுப்பு போனால் போதும். தரையை அழுந்த மிதிக்கும் பழக்கத்தை மாற்றி மேலே எழும்பிப் பழகச் சிறிது காலம் பிடிக்கும். பாலே, ஜாஸ் காலணிகளும், பெண்களுக்குக் குதிகால் உள்ள கேரக்டர் ஷூவும் பையில் இருக்கட்டும். புதுக் காலணியை அன்றுதான் முதலில் போடுவேன் என்று வைத்திருக்காதீர்கள்.

ப்ரீஸ்கிரீன் பதிவு

நேரடி ஆடிஷனுக்கு யாரை அழைப்பது என்று தீர்மானிக்க, காணொளி பார்த்து வடிகட்டும் கட்டம் இது. முன்பு ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகக் கேட்டுப் பிள்ளைகளை வதைத்தன. இப்போது பல கல்லூரிகள் சேர்ந்து வகுத்த பொது ப்ரீஸ்கிரீன் இருக்கிறது. இரண்டு பாட்டு, மோனோலாக், நடனம், விரும்பினால் ஒரு நிமிடத்துக்குள் ‘வைல்ட் கார்ட்’ என்று ஏதாவது ஒன்று. பொது என்றாலும் அதற்குள்ளேயே பல தேர்வுகள் உண்டு. எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்று அந்தந்த ஆண்டின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், போன ஆண்டு சேர்ந்த அக்கா சொன்னதை வைத்து எடுக்காதீர்கள்.

விலை உயர்ந்த கேமரா வேண்டாம், கைபேசி போதும். படுக்கைவாட்டில் முக்காலியில் வைத்து, ஆறு முதல் எட்டு அடி தள்ளி நில்லுங்கள். பாட்டுக்கும் மோனோலாக்குக்கும் பெரும்பாலும் முழங்காலுக்கு மேல் தெரிய வேண்டும், நடனத்துக்குப் பாதம் வரை. லென்ஸ் கண் மட்டத்தில் இருக்கட்டும். பின்னால் வெறும் சுவர், வெளிச்சம் முன்னாலிருந்து. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை அசையும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

ஒலிதான் பெரும்பாலான காணொளிகளைக் கெடுக்கிறது. இசைத் தடத்தை ஒலிபெருக்கியில் போட்டுப் பாடும்போது, அதைக் கைபேசிக்குப் பக்கத்திலேயே வைத்தால் பியானோ குரலை விழுங்கிவிடும். கைபேசியிலிருந்து மூன்று நான்கு அடி பக்கவாட்டில், அதன் மைக்கைப் பார்க்காமல் திருப்பி வையுங்கள். மென்மையான வரியும் உச்ச வரியும் சேர்த்து 20 விநாடி பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். உச்சத்தில் குரல் கரகரவென்று உடைந்தால் இன்னும் இரண்டு அடி பின்னால் போங்கள். காதில் இயர்போன் மாட்டிப் பாடிவிட்டுப் பிறகு இசையைச் சேர்த்து ஒட்டுவது கூடாது. ஒரு பகுதிக்குள் வெட்டி ஒட்டினாலோ, குரலைச் சரிசெய்யும் மென்பொருள் போட்டாலோ தள்ளிவிடுவார்கள். இசைத் தடத்துக்குப் பதில் ஒரு பியானோக்காரரை அமர்த்த முடிந்தால், ஒரு மணி நேரச் செலவானாலும் தகும். பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் அவரும் காத்திருப்பார்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பாட்டை எடுங்கள். ஒரே சனிக்கிழமையில் இரண்டு பாட்டு, மோனோலாக், நடனம் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால், 15ஆவது டேக்கில் குரல் அடைத்து முகம் வெளிறிப்போயிருக்கும். அனேகமாக மூன்றாவது டேக்கிலிருந்து ஆறாவதற்குள் நல்லது விழுந்துவிடும்.

தொடக்கத்தில் ஸ்லேட் எனப்படும் அறிமுகம்: பெயர், பாட்டு, நாடகம். கல்லூரியின் பெயரைச் சொல்லாதீர்கள், அப்போதுதான் அதே பதிவை எல்லோருக்கும் அனுப்பலாம். நீளமான தமிழ்ப் பெயரைச் சங்கடத்தோடு முணுமுணுக்காமல், முழுதாக, நிதானமாகச் சொல்லுங்கள். உங்களை உச்சரிக்க அவர்கள் கற்றுக்கொள்ளும் இடமும் அதுதான்.

வைல்ட் கார்டில் மூன்றாவது பாட்டைப் பாடுவது வாய்ப்பை வீணாக்குவது. மிருதங்கமோ, வீணையோ, சமையலோ, தைத்த உடைகளோ, கண்ணை மூடிக்கொண்டு ரூபிக் கனசதுரமோ எதுவானாலும் சரி, படிப்புக்கு வெளியே நீங்கள் யார் என்று தெரிய வேண்டும். ஒரு நிமிடக் கல்பனாஸ்வரம் பாடுகிறவரை அந்த அறையில் யாரும் மறக்க மாட்டார்கள்.

பியானோக்காரருக்கான தாள்

நேரடி ஆடிஷனில் வாசிப்பவர் உங்களை முதன்முதலாகப் பார்க்கிறார், தாளையும்தான். அவருக்கு 15 விநாடியில் புரிய வேண்டும்.

மூன்று வளையம் உள்ள கெட்டிக் கோப்பில், இருபுறமும் அச்சடித்து, விரித்ததும் இரண்டு பக்கமும் ஒருசேரத் தெரியும்படி வையுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கொளியில் கண்ணைக் கூசும், மங்கலான உறையாக வாங்குங்கள். உதிரித் தாள்களைக் கொண்டுபோகாதீர்கள், நடுப் பாட்டில் பறக்கும். நகலெடுக்கும்போது இடதுகை வாசிக்கும் கீழ் வரி விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமும் பாருங்கள், மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு இது.

தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பெரிய எழுத்தில் குறியுங்கள். வெட்டிய பார்களை அடித்து வைப்பதை விட, பாடப் போகும் பகுதியை மட்டும் ஒட்டிப் புதிதாக அச்சடித்துக்கொள்வது மேல். உங்கள் சுருதிக்கு மாற்றிய தாளாகவே இருக்க வேண்டும். ‘இதை இரண்டு ஸ்வரம் இறக்கி வாசிக்க முடியுமா?’ என்று அந்த இடத்தில் கேட்பது அநியாயம். பியானோ பகுதி மிகக் கடினமான பாட்டுகளும் உண்டு, பிராட்வே இசையமைப்பாளர் ஸ்டீபன் சோன்ட்ஹைம் அதற்குப் பேர்போனவர். அப்படிப்பட்டதைக் கொண்டுபோவதற்கு முன், பழக்கமில்லாத ஒரு வாசிப்பவரிடம் கொடுத்துத் தடுமாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சொல்ல விரல் சொடுக்காதீர்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு வரியை அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பாடிக் காட்டி, நன்றி சொல்லிவிட்டு நடுவில் போய் நில்லுங்கள். வேகம் தப்பாகத் தொடங்கினால் நிறுத்தாமல், சொற்களைத் தெளிவாக உங்கள் வேகத்தில் பாடிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் ஒரே பாரில் அவர் சேர்ந்துகொள்வார். முறைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அவர் அந்தக் கல்லூரி ஆசிரியராகவும் இருக்கலாம்.

அறைக்குள்

மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம். உள்ளே போய் வணக்கம் சொல்லி, பியானோக்காரரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, அறிமுகம், பாட்டுகள், மோனோலாக். கண்ணைத் தேர்வாளர்களின் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் நிறுத்துங்கள். அவர்களை நேராகப் பார்த்து நடித்தால் குறிப்பெழுதக்கூட அவர்களால் தலை குனிய முடியாது.

நடுவில் ‘போதும், நன்றி’ என்றால் கலங்க வேண்டாம். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று மட்டுமே பொருள். ‘அதே பாட்டை, நீ பேசும் ஆள் உன்னை நம்பவில்லை என்று வைத்துப் பாடு’ என்று மாற்றிச் செய்யச் சொன்னால் அது நல்ல அறிகுறி. சொல்வதைக் கேட்டு உடனே மாறுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். சொன்னபடி முழுதாகப் பாய்ந்துவிடுங்கள், அரைகுறையாக மாற்றினால் மாற்றியதே தெரியாது. வீட்டிலேயே வாரம் ஒருமுறை யாரையாவது புதுப்புதுக் கட்டளை கொடுக்கச் சொல்லிப் பழகலாம். அண்ணனோ பாட்டியோ யாரானாலும் சரி, நாடகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பிறகு இரண்டு கேள்வி கேட்பார்கள். ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்பதற்கு ‘உங்கள் கல்லூரி மிகச் சிறந்தது’ என்பது பதில் ஆகாது. அவர்களின் பாடத்திட்டத்தில் உங்களைக் கவர்ந்த ஒன்றைச் சொல்லத் தெரிய வேண்டும். மற்றக் கேள்வி உங்களைப் பற்றி. பரிசுப் பட்டியல் ஒப்பிக்காமல், பேச்சாகப் பேசுங்கள்.

நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் யூனிஃபைட்ஸ் என்ற பெயரில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் ஆடிஷன் வைக்கும். ஒரே பயணத்தில் ஆறு ஏழு முடித்துவிடலாம் என்பதால் செலவு மிச்சம். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள், நடனத் தேர்வு இழுத்துக்கொண்டே போகும். ஹோட்டல் அறையின் வெப்பக் காற்று தொண்டையை வறளடித்துவிடும். சிறிய ஈரப்பதக் கருவி ஒன்றைக் கொண்டுபோங்கள், அல்லது குளியலறையில் வெந்நீர் திறந்து ஆவி பிடியுங்கள். சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தொண்டையையும் சேர்த்து உலர்த்தும், அதனால் மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

பெற்றோர் தாழ்வாரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதுவதும் பிள்ளையின் வேலை.

செலவும் விசாவும்

பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் ஒன்றுக்கு 50 முதல் 90 டாலர். கலை விண்ணப்பத்துக்குத் தனிக் கட்டணம் சேரும். 15 கல்லூரி என்றால் பயணத்துக்கு முன்பே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, காமன் ஆப்பிலேயே கேட்கலாம். உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று சொல்லும் நிகர விலைக் கணிப்பான் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் அதில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா என்ற படிவம் வழியாகக் கிடைக்கும் மத்திய அரசு உதவி கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டு. 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும் என்பதால், படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கல்லூரியே தரும் திறமை உதவித்தொகைக்கு விசா பெரும்பாலும் தடையில்லை, அது ஆடிஷனிலேயே முடிவாகும். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற நிதி உதவிப் படிவத்தைக் கேட்கும் கல்லூரிகளுக்கு அதையும் நிரப்புங்கள்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் இணைய வழியில் ஆடிஷன் தருகின்றன. அவர்கள் குறிப்பிடும் நேரம் பெரும்பாலும் நியூயார்க் நேரம். குளிர்காலத்தில் அங்கே மதியம் 2 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12:30. அந்த நேரத்தில் உரக்கப் பாட அக்கம்பக்கம் ஒப்பும் இடமாகப் பார்த்துவையுங்கள். படித்து முடித்த பின் எஃப்-1இல் 12 மாத வேலை அனுமதிதான் கிடைக்கும். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தப் பட்டத்துக்கு இல்லை. அதற்குப் பிறகும் அங்கே மேடையில் தொடர நினைப்பவர்கள் பெரும்பாலும் கலைஞர்களுக்கான ஓ-1பி விசாவை நாடுகிறார்கள், அதற்கு நிகழ்ச்சிகள், விமர்சனங்கள் என்று சான்றுகள் வேண்டும். கடன் வாங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு இது.

பதில் வந்த பிறகு

சேர்க்கை, காத்திருப்புப் பட்டியல், மறுப்பு என்ற மூன்றோடு, ‘பிஎஃப்ஏ இல்லை, பிஏ தருகிறோம்’ என்ற நான்காவதும் வரும். அந்த பிஏவில் மேடை வாய்ப்பு பிஎஃப்ஏ மாணவர்களுக்குப் பிறகுதானா, இரண்டாம் ஆண்டில் மாற வழியுண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

காத்திருப்புப் பட்டியல் ஏப்ரலில் நகரும். ஐந்து இடம் கிடைத்தவர் நான்கை விடும்போதுதான் அது நகர்கிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு மூன்று இடம் கிடைத்திருந்தால், போக மாட்டேன் என்று தெரிந்த அன்றே அந்தக் கல்லூரிக்கு எழுதிவிடுங்கள். காத்திருப்பவர்களும் ஒரே ஒரு கடிதம் எழுதலாம்: இன்னும் ஆர்வம் உண்டு, அழைத்தால் வருவேன், ஜனவரிக்குப் பிறகு செய்தது இன்னது என்று ஆறு வரி போதும். வாரம் ஒன்று எழுதினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

உதவித்தொகை போதவில்லை என்றால், வேறு கல்லூரி தந்த கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை கேட்பதில் தப்பில்லை. துறைக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்குள் கேட்டால்தான் மே 1க்கு முன் பதில் வரும்.